மோதி பாக் பின்னறையில் ஒரு ரேடியோ

டெல்லியில் வந்து இறங்கிய அன்றே எனக்கு ஒரு புது மாமா கிடைத்தார்.

"யாராவது கேட்டா நீ என் அக்கா பிள்ளை. புரிஞ்சுதா? அக்கா கும்பகோணத்துல இருக்கா. நீ இன்டர்வியூவுக்கு வந்திருக்கே."

"இன்டர்வியூவுக்குத்தானே மாமா வந்திருக்கேன்."

"அது ஒண்ணாவது நிஜமா இருக்கட்டுமே" என்றார்.

அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவருக்கு அவர் தூரத்துப் பழக்கம். அந்த ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டுதான் மோதி பாக்கில் அவருடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இரண்டு நாள் தங்க வந்திருந்தேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம். என்ஜினியரிங் முடித்துச் சூடு ஆறாத காலம். தொலைத்தொடர்பில் ஒரு டிரெய்னி வேலைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. இரண்டு ராத்திரி ரயிலில் வந்த புழுதி காதுக்குள் இருந்தது. அதைக் கழுவக்கூட விடாமல் மாமா எனக்கு ஒரு குடும்பத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ ஜாஸ்தி பேசப்படாது. வாயைத் திறந்தா திருநெல்வேலி வந்துடறது. கும்பகோணத்துக்காரன் 'இங்கன'ன்னு சொல்ல மாட்டான்."

சமையலறையிலிருந்து மாமியின் குரல் வந்தது. "ஏன்னா, வரப்போறவன் ஹரியானாக்காரனோ பஞ்சாபியோ. அவனுக்குக் கும்பகோணம் எங்கே தெரியும், திருநெல்வேலி எங்கே தெரியும்? அவனுக்கு நாமெல்லாம் ஒரே மதராசி."

"வர்றவனே மதராசியா இருந்துட்டா?"

மாமா கெட்டிக்காரர்தான், ஆனால் பயந்த கெட்டிக்காரர்.

விஷயம் இதுதான். குவார்ட்டர்ஸை யார் பேருக்கு ஒதுக்குகிறார்களோ அவர்கள் குடும்பம் மட்டும்தான் அதில் இருக்கலாம். ஆனால் அந்தக் காலனியில் பாதி வீடுகளில் ஓர் அறை வேறு யாருக்காவது விடப்பட்டிருந்தது. தனக்கென்று குவார்ட்டர்ஸ் கிடைக்க வருஷக்கணக்கில் வரிசையில் நிற்பவர்கள் எங்கேயாவது இருந்துதானே ஆகவேண்டும்? அது எல்லாருக்கும் தெரியும். எப்போதாவது ஒருமுறை ஆபீஸிலிருந்து சோதனைக்கு வருவார்கள். அப்போது மட்டும் அது யாருக்கும் தெரியாது. போன வாரம் அடுத்த பிளாக்கில் வந்து ஒருவரைப் பிடித்துவிட்டார்கள் என்றும், அவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டி வந்துவிட்டது என்றும், இந்த பிளாக்குக்கு நாளைக் காலை வரலாம் என்றும் பேச்சு.

"பின்னறையில ஒரு பேமிலி இருக்கா" என்று மாமா குரலைத் தாழ்த்தினார். "தங்கமான மனுஷா. கைக்குழந்தை வேற. ஆனா நீ பாக்கலே, கேக்கலே. அச்சா?"

"அச்சா" என்றேன். டெல்லியில் நான் பேசிய முதல் ஹிந்தி.

டெல்லிக் கோடையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அங்கே அந்த நாட்களில் வீட்டுக்குள் யாரும் தூங்க மாட்டார்கள். பகலெல்லாம் லூ என்கிற அனல்காற்று அடித்துச் சுவர்கள் அடுப்புக்கல்லாகக் காய்ந்திருக்கும். சாயங்காலம் வாசல் புல்தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். இருட்டியதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கயிற்றுக் கட்டில்கள் தலைமேல் ஏறி வெளியே வரும். தாத்தா, பேத்தி, புதுமாப்பிள்ளை, மாமியார் எல்லாரும் ஒரே புல்தரையில் வெள்ளைப் போர்வைகளாகக் கிடப்பார்கள். எனக்கு அது ஆஸ்பத்திரி வார்டு போலவும் இருந்தது, கல்யாண வீடு போலவும் இருந்தது.

சோதனைக்காரர்களுக்கு இதைவிட வசதி எது? கதவைத் தட்டவே வேண்டாம். விடியற்காலையில் புல்தரையில் ஒரு நடை நடந்தால் போதும். எந்த வீட்டு முன்னால் எத்தனை கட்டில், யார் பக்கத்தில் யார், எல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான் பின்னறைக் குடும்பம் ஒரு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே படுத்திருந்தது.

"அந்தப் பச்சைக் குழந்தை உள்ளே வேகறது" என்று மாமி எனக்குத் தயிர்சாதம் போடும்போது தனக்குள் சொல்லிக்கொண்டார். "இந்த மனுஷன் பயத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?"

எனக்கு வரிசையின் கடைசிக் கட்டில், வீட்டின் பக்கவாட்டில், பின்மூலைச் சுவரை ஒட்டினாற்போல. தலைமாட்டில் ஒரு ஜன்னல், கம்பிவலை அடித்தது. உள்ளே இருட்டு. அதுதான் பின்னறை என்று படுத்த பிறகுதான் தெரிந்தது.

தூக்கம் வரவில்லை. எப்படி வரும்? பத்து மணிக்கு இன்டர்வியூ. மனதுக்குள் கேள்வியும் நானே, பதிலும் நானே. நடுவில் கூர்க்கா தடியைத் தட்டிக்கொண்டு போனார். யாரோ தண்ணீர் கேட்டார்கள். தூரத்தில் ஒரு லாரி கியர் மாற்றியது. முதுகில் கயிறு அழுந்த, நான் புரண்டு புரண்டு வேகமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு மாதிரி யோசிக்கவும் தெரியாது.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

ஜன்னலுக்கு உள்ளே ஒரு டிரான்சிஸ்டர். காதோடு வைத்துக் கேட்கும் அளவுக்குத்தான் சத்தம். யாரோ சிற்றலையில் ஸ்டேஷன் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்குரல் ஏதோ மொழியில் வந்தது. தேடிய கை அங்கே நிற்கவில்லை, தாண்டிப் போனது. கரகரப்பு வந்ததும் மெல்லத் திரும்பியது. குரல் மறுபடி வந்தது. அதையும் கடந்து இந்தப் பக்கத்துக் கரகரப்புவரை போய், மறுபடியும் ஒரு மயிரிழை திரும்பி, நட்டநடுவில் வந்து நின்றது. குரல் துல்லியமாகிவிட்டது.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒருவர்தான் அப்படித் திருப்புவார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு மாடியில் குடியிருந்தார். காலேஜ் ஃபிசிக்ஸ் லேபில் அட்டெண்டர் வேலை. என்னைவிடப் பத்து வயது பெரியவர் இருக்கலாம். தெருவே அவரை அண்ணாச்சி என்றது. அவரிடம் ஒரு பழைய வால்வு ரேடியோ. அதைப் பிரித்து, மாட்டி, மறுபடி பிரித்து, அவரே ஏதேதோ சேர்த்திருந்தார். மொட்டை மாடியிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டிவரை செம்புக்கம்பி ஏரியல். பள்ளிக்கூடத்துப் பையனாக நான் அங்கே ஒட்டிக்கொண்டேன். பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டுப் போய், பெர்லினையும் மாஸ்கோவையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு குரல் வந்ததும் நான் கத்துவேன்: "அண்ணாச்சி, மணிலா!"

"பேரைச் சொல்லாதடே. முதல்ல கேளு. அவனே சொல்லுவான்."

"இல்ல, மணிலாதான்!"

அவனே சொல்லுவான். டோக்கியோ என்று.

அண்ணாச்சி சிரிக்கமாட்டார். "முந்திரிக்கொட்டை" என்பார், அவ்வளவுதான். எனக்கு அவர் வைத்த பெயர் அது. ஸ்டேஷனைத் தொட்டதும் ஏன் நிறுத்துவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டு கரையையும் பாக்காம ஆத்துக்கு நடு எதுன்னு எப்படிடே சொல்லுவ?" என்றார். எனக்கு இங்கிலீஷ் காதில் ஏறியது அந்த மாடியில்தான். கான்டென்சர் என்றால் என்ன என்பது புத்தகத்தில் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே என் விரலுக்குத் தெரியும். ஷாக் அடித்திருந்தது. பிறகு அவர் மத்திய அரசுப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்து டெல்லிக்கு வந்துவிட்டார். இரண்டு கடிதம் போட்டார். நானும் போட்டேன். பிறகு நான் காலேஜ், அவர் கல்யாணம், வீடு மாறினார், விட்டுப்போயிற்று. இப்படித்தான் விட்டுப்போகும். யார் மேலும் தப்பில்லை.

அந்தக் கைதான் இது என்று ஜன்னல் பக்கம் சாய்ந்தேன். ஆனால் அடுத்த கணம் அந்தக் கை ஒரு காரியம் செய்தது. அருமையாகப் பிடித்த ஸ்டேஷனை விட்டுவிட்டு நகர்ந்து, எதுவுமே இல்லாத இடத்தில், வெறும் இரைச்சலில் போய் நின்றது. நின்றது மட்டுமல்ல, அப்படியே இருந்துவிட்டது. ஸ்ஸ்ஸ் என்று மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அண்ணாச்சியாக இருக்க முடியாது. அண்ணாச்சி செத்தாலும் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் நிறுத்தமாட்டார்.

இரைச்சல் தொடர்ந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. பாக்கலே, கேக்கலே என்று மாமா சொன்னதெல்லாம் எங்கே போயிற்றோ, ஜன்னல் வலையில் மூக்கை வைத்துக்கொண்டு கிசுகிசுத்தேன்:

"கொஞ்சம் எடது பக்கம் திருப்புங்க. ஸ்டேஷன் அங்கன இருக்கு."

ரேடியோ சட்டென்று அணைந்தது. உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. சோதனைக்காரன் ராத்திரியிலேயே வந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். அந்த அமைதியில் ஒரு குழந்தை சிணுங்க ஆரம்பித்தது.

"கோன் ஹை?" யாரது என்று ஓர் ஆண்குரல், மிகத் தாழ்வாக.

"நான் கெஸ்ட். பயப்படாதிய. மாமாவோட அக்கா பிள்ளை... கும்பகோணம்."

உள்ளே காலடி ஜன்னல் பக்கம் வந்தது.

"கும்பகோணத்துல 'அங்கன'ன்னா சொல்லுதாங்க?"

அந்தக் குரலும் அவருடையதுதான். நான் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"லேய்... முந்திரிக்கொட்டையா?"

"அண்ணாச்சி!"

"சத்தம் போடாதடே, காலனியே முழிச்சுரும்."

வலைக்கு இந்தப் பக்கம் நான் கட்டிலில் முழங்காலிட்டிருந்தேன். அந்தப் பக்கம் இருட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. உள்ளிருந்து வந்த அனல் மட்டும் என் முகத்தில் பட்டது. அந்த அறையில் ஒரு குழந்தை இருக்கிறது என்பதை நினைத்ததும் ஒரு மாதிரி இருந்தது.

"எப்பம் வந்த? அப்பா சௌக்கியமா? தொட்டி வீட்டுக்காரரு இருக்காரா? நம்ம கம்பிய அறுத்துவிட்டாரா இல்லையா?"

"நீங்க போன மறுநாளே அறுத்தாச்சு அண்ணாச்சி."

"நெனச்சேன்."

குழந்தையின் சிணுங்கல் அழுகையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு பெண்குரல், "அதைப் போடுங்க, பிள்ள முழிச்சிட்டால்லா" என்றது. ரேடியோ மறுபடி வந்தது. ஸ்டேஷன் இல்லாத அதே இரைச்சல். அழுகை இரண்டு விக்கலோடு நின்றுபோயிற்று.

"பாத்தியா? வேற எதுக்கும் அடங்க மாட்டா. பாட்டு போட்டா அழுவா, நியூஸ் போட்டா கத்துவா. ஒண்ணுமே இல்லாத எடத்துல வச்சாத்தான் தூங்குவா. ஸ்டேஷன் எங்கன இருக்குன்னு கண்டுபிடிச்சாத்தானடே ஸ்டேஷன் இல்லாத எடம் தெரியும்."

"நான் அது நீங்க இல்லன்னே நெனச்சிட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன், மொதல்ல இப்படி வச்சப்பம்." சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டதே குறைவு.

பிறகு பேச்சு தானாக ஓடியது. டெல்லி வந்த புதிதில் கரோல் பாக்கில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு இருந்தாராம். மதினியை ஊரில் விட்டுவிட்டு இரண்டு வருஷம். பிள்ளை பிறந்த தந்திகூட ஆபீஸ் விலாசத்துக்குத்தான் வந்தது. இந்தப் பின்னறை கிடைத்ததும் ஓடிப்போய் இருவரையும் அழைத்து வந்திருக்கிறார். மூன்று மாதம் ஆகிறது. நாளைக்குப் பிடித்துவிட்டால் மாமாவுக்கும் குவார்ட்டர்ஸ் போகும், இவரும் மறுபடி எட்டுப் பேர் அறைக்குப் போகவேண்டும், மதினியும் பிள்ளையும் ஊர் ரயிலில்.

"பிள்ளைக்கு இப்பம்தான் என் மொகம் அடையாளம் தெரிய ஆரம்பிச்சிருக்கு" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் எந்த அழுத்தமும் இல்லை. மழை வருமா என்று கேட்பது போலச் சொன்னார்.

மதினி உள்ளிருந்து கேட்டார்: "ஏங்க, வெளிய காத்து வருதான்னு கேளுங்க."

வந்துகொண்டுதான் இருந்தது, வேப்பமரத்தை லேசாக அசைத்துக்கொண்டு. நான் "அவ்வளவா இல்ல மதினி" என்றேன்.

"யாரோட பேசிண்டிருக்கே?" நாலு கட்டில் தள்ளி மாமா தலையைத் தூக்கினார்.

"ஜன்னலோட மாமா."

அவர் வேட்டியை அள்ளிக் கட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மாமியும். எனக்கும் பின்னறைக்காரருக்கும் ஒரே ஊர், ஒரே தெரு என்று தெரிந்ததும் மாமா தலையில் கைவைத்தார். "ஒரு திருநெல்வேலியையே எங்கே ஒளிக்கறதுன்னு தெரியலே. ரெண்டா?"

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்த நொடியே சொல்லியும்விட்டேன்.

"மாமா, நான் நெஜமாவே கெஸ்ட்தானே? பின்னறையில நான் இருக்கேன்னு சொல்லிருவோம். அண்ணாச்சியும் மதினியும் விடியறதுக்கு முன்னாடி பால் வாங்கப் போறாப்ல போயிரட்டும். சோதனை முடிஞ்சதும் வரட்டும். என் பெட்டி இருக்கு, சர்டிபிகேட் இருக்கு, இன்டர்வியூ லெட்டர் இருக்கு. அக்கா பிள்ளை ரூம்ல தங்கியிருக்கான். அவ்வளவுதானே?"

ஜன்னலுக்கு உள்ளே அண்ணாச்சி ரேடியோவைக் குறைத்தார்.

"உனக்கு பத்து மணிக்கு இன்டர்வியூடே."

"சோதனை ஆறு மணிக்குத்தானே."

"மாட்டிக்கிட்டா உன் பேரையும் சேத்து எழுதுவான்."

"எழுதட்டும். கும்பகோணம்னுதானே எழுதுவான்."

மாமி சட்டென்று வேலையில் இறங்கிவிட்டார். "அடுப்பு! அதுக்கு முன்னாடி அடுப்பைப் பாருங்கோ. ரெண்டு எடத்துல அடுப்பு இருந்தா ரெண்டு குடும்பம்னு அர்த்தம். போன வாரம் அவா மாட்டினதே அதுலதான். ஜல்தி, ஜல்தி."

விளக்குப் போடாமல், பின்பக்கக் கதவு வழியாக மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு சட்டி, ஒரு கருவாட்டுப் பொட்டலம் எல்லாம் மாமியின் சமையலறைக்கு நகர்ந்தன. பொட்டலத்தைக் கையில் வாங்கியபோது மாமி ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதினி, "மாமி, அதை நான் வெளிய எறிஞ்சிருதேன்" என்றார்.

"எறிவானேன்? ஊர்லேர்ந்து வந்தது. அரிசி டின்னுக்குப் பின்னாடி வை. நான் பாக்கலே, கேக்கலே."

விடிவதற்கு முன் அவர்கள் கிளம்பினார்கள். அண்ணாச்சி கையில் பால் பாட்டில். மதினி தோளில் குழந்தை, மேலே ஒரு துண்டு. அப்போதுதான் தெருவிளக்கில் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன். முன்மண்டையில் வழுக்கை ஏறியிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வளந்துட்டியேடே" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். ரேடியோவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் பின்னறையில் பாய் விரித்துப் படுத்து, தூங்குகிறவன் மாதிரி பழகிக்கொண்டிருந்தேன். அறையெங்கும் வசம்பும் தேங்காய் எண்ணெயும் மணத்தன. மதினியின் புடவைகளை மாமி எடுத்துப் போய்விட்டார். குழந்தைத் துணிகளும் போய்விட்டன. என் பெட்டி நடுவில் திறந்து கிடந்தது. ஒரு குறையும் இல்லை என்று நிம்மதியாக மல்லாந்தேன்.

தலைக்கு மேலே தூளி தொங்கிக்கொண்டிருந்தது.

உத்தரத்துக் கொக்கியில் கட்டிய பழைய நூல்புடவை. அடுப்பைப் பார்த்தோம், சட்டியைப் பார்த்தோம், கருவாட்டைக்கூடப் பார்த்தோம். பிள்ளையுள்ள வீட்டில் தூளி தொங்குவது எங்கள் யார் கண்ணுக்கும் படவே இல்லை. எங்களுக்கு அது சுவர் மாதிரி, கூரை மாதிரி. எழுந்து அவிழ்க்கப் போனால் முடிச்சு இறுகியிருந்தது. முன்வாசலில் அதற்குள் பூட்ஸ் சத்தம். மாமாவின் "ஆயியே, ஆயியே" என்ற வரவேற்பு தேவைக்கு மேல் உரக்கக் கேட்டது.

கையில் இருந்தது ரேடியோ ஒன்றுதான். அதைத் தூளிக்குள் போட்டேன்.

வந்தவர் வயதானவர். காக்கியில்லை, வெள்ளைச் சட்டை, முண்டாசு மாதிரி ஒரு துண்டு. முதலில் சமையலறையைப் பார்த்துவிட்டு வந்தார். மாமா கதவருகில் நின்று, "மேரா பான்ஜா" என்றார், அக்கா பிள்ளை. குரல் ஒரு ஸ்தாயி மேலே போய்விட்டது. நான் சர்டிபிகேட்டையும் இன்டர்வியூ கடிதத்தையும் ஒரே நேரத்தில் நீட்டினேன். அவர் அவற்றைப் பார்க்கவில்லை, தூளியைப் பார்த்தார்.

"யே க்யா ஹை?"

இது என்ன என்று ஒருவர் கேட்டுவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். பாதி இங்கிலீஷ், கால் ஹிந்தி, மீதி கையால் விளக்க ஆரம்பித்தேன். இது ரேடியோவுக்காக, ஒரு மாதிரி ஏரியல். தரையில் வைத்தால் சுவரில் ஓடும் மின்கம்பிகளால் இரைச்சல் வரும். அந்தரத்தில் தொங்கவிட்டால் சிற்றலை தெளிவாகக் கேட்கும். துணி எதற்கு? உலோகம் படக்கூடாது அல்லவா. நான் சொல்லச் சொல்ல எனக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது. தூளிக்குள் கைவிட்டு ரேடியோவைப் போட்டுக் காட்டினேன். அதன் முள் அண்ணாச்சி வைத்திருந்த இடத்திலேயே இருந்தது. ஸ்ஸ்ஸ் என்றது.

அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு அருகில் வந்து, இரண்டு விரலால் தூளியின் விளிம்பைப் பிடித்து, மெதுவாக ஆட்டினார். ஆட்டிப் பழகிய கை.

"லட்கா யா லட்கி?" என்றார். பையனா, பெண்ணா?

மாமா கண்ணை மூடிக்கொண்டார். என்னிடம் இன்னும் நாலைந்து விளக்கங்கள் மிச்சம் இருந்தன. அவற்றை விட்டுவிட்டேன்.

"லட்கி" என்றேன்.

"கித்னே மஹீனே?"

எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியாது. மாமாதான் சொன்னார், "பாஞ்ச்", ஐந்து. அதற்குள் அவர் குரல் பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது.

அந்தப் பெரியவர் ஹரியானாப் பக்கத்துக் கிராமத்துக்காரராம். அவருடைய மருமகள் வயலுக்குப் போகும்போது மரக்கிளையில் துப்பட்டாவைத் தொட்டிலாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுப் போவாளாம். இதைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி சோதனை வரும், அப்போது வருகிறவன் நானாக இருக்க மாட்டேன், அதற்குள் இந்த அறை காலியாக இருக்கட்டும் என்றார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் பால் பூத்துக்கு ஓடினேன். பூத்துக்கு எதிரே பார்க்கில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் இருந்தார்கள். மதினி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். குழந்தையை இறுக்கி அணைத்ததில் அது கத்தியது. ஓடிய மூச்சில் நான் கடைசியைச் சொல்லிவிட்டு நடுவைச் சொல்லி, பிறகு ஆரம்பத்தைச் சொன்னேன்.

"ஏரியலா?" என்றார் அண்ணாச்சி. "தூளியவா ஏரியல்னு சொன்ன?"

"வேற என்ன அண்ணாச்சி சொல்ல?"

"நான் வாத்தியாரா இருந்ததுக்கு எனக்கு இது வேணும்டே." பால் பாட்டிலை பெஞ்சில் வைத்துவிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு அடங்கி, "அப்பம் மழை முடியுற மட்டும்" என்றார்.

"ஆமா."

"ஒரு எடம் பாக்க அது போதும். பாத்துருவேன்." எழுந்துகொண்டார்.

பார்த்தும்விட்டார். மழை முடிவதற்கு முன்பே ஜனக்புரியில் ஒரு மாடி அறை. அப்போது அங்கே வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம், பஸ்ஸும் எப்போதாவதுதான். ஆனால் கதவு அவர்களுடையது. எனக்கு அந்த இன்டர்வியூவில் வேலை கிடைக்கவில்லை, அடுத்த வருஷம் வேறொன்றில் கிடைத்தது. அதுவும் டெல்லியில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜனக்புரிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்விடுவேன். அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வந்தபோது தமிழைவிட ஹிந்திதான் நன்றாக வந்தது. என்னை 'முந்திரி அங்கிள்' என்பாள். அவள் அப்பாவின் வேலை அது.

அன்று காலை நாங்கள் திரும்பியபோது காலனி எழுந்துகொண்டிருந்தது. கட்டில்களை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமி வாசலில் நின்றார். மதினி அவரிடம் போய், சோதனைக்காரர் என்ன கேட்டார், என்ன சொன்னார் என்று எதையும் கேட்கவில்லை. தயங்கித் தயங்கி ஒன்று மட்டும் கேட்டார்:

"மாமி, இன்னைக்கு ராத்திரி நாங்க வெளிய படுக்கலாமா?"

"ராத்திரி என்ன ராத்திரி? இப்பவே படு" என்றார் மாமி. "ஏன்னா, அந்தக் கட்டிலை உள்ளே எடுக்காதேங்கோ. மரத்தடியில போடுங்கோ."

நான் குளித்து, கடன் வாங்கிய டையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். போய்வருகிறேன் என்று சொல்லலாம் என்று பார்த்தால், வேப்பமரத்தடியில் அண்ணாச்சி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். குழந்தை அவர் நெஞ்சின்மேல் குப்புறக் கிடந்தது. கட்டிலின் காலடியில் மதினி உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். ஆபீஸுக்குப் போகிறவர்கள் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு அந்தக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வெயில் ஏற ஏற நிழல் நகர்ந்தது. மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்து, யாரையும் எழுப்பாமல், கட்டிலை நிழலுக்குள் கொஞ்சம் தள்ளினார்.